கொஞ்சம் ஒதுங்குங்க அக்கா

படம் எடுப்பதற்கு முன் அவர் இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, காற்றை இரண்டு முறை தள்ளுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். கண் கேமராவோடு ஒட்டியிருக்கும். பின்னால் நிற்பவரோடு கைதான் பேசும். "கொஞ்சம் ஒதுங்குங்க அக்கா" என்பது அதற்குப் பொருள். சில நாள் வாயும் சேர்ந்து சொல்லும், சில நாள் கையே போதும். மாரியம்மா இந்தக் கையை ஏழு வருடமாகப் பார்த்து வருகிறார். அதில் கட்டியிருந்த கடிகாரம் இதற்குள் மூன்று முறை மாறிவிட்டது. கை மாறவில்லை.

இந்தக் கைக்காரர் ஏதோ அரிய உயிரினம் என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுக்கப் பரவிய இனம் இது, அருகிவரும் அறிகுறியும் இல்லை. தமிழில் இன்னும் யாரும் பெயர் வைக்காததால், தோளில் தொங்கும் அந்த முழங்கை நீள லென்ஸைப் பார்த்து, நீள்குழலார் என்று நாமே வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை குளிரூட்டிய அலுவலகங்களில் அடைந்து கிடப்பார். சனியும் ஞாயிறும் அடுத்தவர் வேலை செய்யும் இடங்களில் காணப்படுவார். அந்த இடங்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'இயற்கை'.

அடையாளம் காண்பது சுலபம். பச்சையும் பழுப்புமாகத் திட்டுப் போட்ட சட்டை, அதே திட்டில் கால்சட்டை, அதே திட்டில் தொப்பி, முகத்தை மூட ஒரு துணி, லென்ஸுக்கும் அதே திட்டில் ஓர் உறை என்று, செடியோடு செடியாக மறைந்துபோவதற்கான அத்தனையையும் மாட்டிக்கொண்டு, ரத்தச் சிவப்பு நிறக் காரில் வந்து இறங்குவார். பறவைகள் மிரண்டுவிடக் கூடாதே என்று கதவை விரல் நுனியால் சாத்துவார். பிறகு சாவியை அழுத்துவார். கார் இரண்டு தடவை கூவும்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் அவருடைய குரல் கிசுகிசுப்பாகிவிடும். பழக்குலை ஏற்றிய லாரி பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும், டிராக்டர் இருமும், மேலே எங்கோ விமானம் போகும். அவர் மட்டும் கிசுகிசுப்பார். பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றித்தான். காலையில் வெளிச்சம் போதாது, பத்து மணிக்கு அதிகம், மழைக்கு முன் மங்கல், மழைக்குப் பின் பளபளப்பு. இந்த இனத்தில் இதுவரை ஒருவர்கூடச் சரியான வெளிச்சத்தைக் கண்டதாகத் தகவல் இல்லை. சரியான நாளையும் கண்டதில்லை. எந்த நாளில் போனாலும் அதற்கு முந்தின நாள்தான் வந்திருக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

பாம்பைக் கண்டால் நீங்களும் நானும் பின்னால் போவோம். நீள்குழலார் முன்னால் போவார், அதுவும் வயிற்றால். ஓணானுக்காகச் சாணத்தில் படுப்பார். ஒருமுறை ஒரு கும்பிடுபூச்சிக்கு முன் நாற்பது நிமிடம் முழங்காலில் நின்றார். பூச்சி சலித்துப்போய்ப் பறந்த பிறகும் அவர் கும்பிட்ட நிலையிலேயே இருந்தார், கால் மரத்துவிட்டது. தட்டான், வண்டு, எண்ணெய்ப்பனை மட்டையில் ஒட்டியிருக்கும் ஊமைப் பூச்சி என்று எதைக் காட்டினாலும் அதன் லத்தீன் பெயரையும் குடும்பத்தையும் உட்பிரிவையும் மூச்சுவிடாமல் சொல்வார். ஏழு வருடமாக அவருக்கு வழி காட்டும் பெண்மணியின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'அக்கா' என்பார்.

முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேனே. அவருடைய காரின் பின்பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே கிளைகள் இருக்கும். பாசி படர்ந்தது, வளைந்தது, காளான் முளைத்தது, நுனியில் ஒரே ஓர் இலை நிற்பது என்று நாலைந்து. காட்டில் பறவைகள் கண்ட கண்ட கம்பியிலும் குழாயிலும் உட்கார்ந்து படத்தைக் கெடுத்துவிடுகின்றன அல்லவா? அதற்காக நல்ல கிளையாகப் பார்த்து, வீட்டிலிருந்தே கொண்டுவந்து, பறவை வரும் இடத்தில் நட்டுவைப்பார்கள். இயற்கையை இயற்கையாகக் காட்டுவது அவ்வளவு லேசான வேலையா?

நம் கதைக்குரிய நீள்குழலாரின் பெயர் பிரேமநாதன். செரம்பானில் ஒரு நிறுவனத்தில் கணக்காய்வாளர். லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில், அவருடைய தாத்தா இராஜரத்தினம் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும், "இந்த இடம் எனக்குப் புதுசில்ல அக்கா, எங்கட தாத்தா இங்க கிராணியா இருந்தவர்" என்று பிரேமநாதன் மாரியம்மாவிடம் சொல்வார். மாரியம்மாவும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பது போல, "அப்டியா சார்" என்பார். தாத்தா விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வருகை எடுத்தவர். இருநூறு பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். அந்த வகையில் பார்த்தால் இரண்டு தலைமுறையில் குடும்பம் கொஞ்சம் இறங்கித்தான்விட்டது.

மாரியம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது அவர் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே நடப்பவருக்குத் தரையில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். மலைப்பாம்பு எந்தக் கால்வாயில் வெயில் காய்கிறது, எலி பிடிக்கவென்று மாட்டிய ஆந்தைப் பெட்டியில் எந்த வாரம் குஞ்சு கத்தத் தொடங்கியது, எந்த மட்டைக் குவியலைக் கிளறினால் கொம்பு வைத்த வண்டு ஓடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிரேமநாதன் தன் முகநூலில் 'பல ஆண்டுக் களத் தேடலின் பயன்' என்று போடும் படங்களில் முக்கால்வாசி, மாரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே "அந்தா இருக்கு பாருங்க" என்று காட்டியவை.

இனி ஒரு கலர் குருவியிடம் வருவோம்.

மாரியம்மாவின் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய வடிகால் ஓடுகிறது. அதன் மேட்டுக் கரையில், தொங்கும் பெரணிச் செடிக்குப் பின்னால், ஒரு பொந்து. அதில் ஆண்டுக்கொரு முறை ஒரு குட்டி மீன்கொத்தி வந்து முட்டையிடும். விரல் நீளமே இருக்கும், ஆனால் ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் என்று தீபாவளிக் கடையில் தொங்குகிற அத்தனை நிறமும் அதன் மேல் இருக்கும். ஒரு வருடம் குஞ்சுகள் உள்ளே இருந்தபோதே வடிகாலைத் தூர்வார மண்வாரி இயந்திரம் வந்து, ஒரே அள்ளில் கரையை வழித்துக்கொண்டு போய்விட்டது. தாய்க்குருவி இரண்டு நாள் அந்த வெறும் மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. மாரியம்மா துணி காயப் போட்டுக்கொண்டே அதைப் பார்த்தார்.

அடுத்த வருடம் குருவி பக்கத்திலேயே புதிதாகப் பொந்து குடைந்ததும் அவர் நேரே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியிடம் போனார். தூர்வாரும் வேலையை ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டும் என்றார். நல்லசாமி மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"குருவிக்கு லீவு குடுக்க ஆபீஸ்ல ஃபாரம் இல்ல மாரியம்மா. நான் மேனேஜர்கிட்ட என்னான்னு சொல்றது?"

"மழன்னு சொல்லுங்க."

"ஒரு மாசம் மழையா?"

மாரியம்மா நகரவில்லை. நல்லசாமி கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். பதினேழாம் நம்பர் காட்டில் மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் ஏற்றம் என்று ஓடுகிறார்கள், ஒரு மாதம் மாரியம்மா அங்கே போனால் இயந்திரத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்றார். பதினேழாம் நம்பர் காடு மலைச்சரிவு. முதுகில் மருந்துத் தொட்டியோடு ஏற வேண்டும். மாரியம்மாவின் இடது முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாத முழங்கால். "சரி" என்றார்.

குஞ்சுகள் வெளியே வந்து பறக்கிறதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பது படித்தவர்கள் வழக்கம்.

அப்படியிருக்க, அதைப் போய்ப் பிரேமநாதனிடம் ஏன் சொன்னார்? தன் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தார், குருவி ஒரு நிறப்பொட்டாகத்தான் விழுந்தது. நல்ல கேமராவில் குஞ்சுகளோடு ஒரு படம் இருந்தால் நீலாயில் வேலை செய்யும் மகள் விஜிதாவுக்கு அனுப்பலாம், ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம். பிரேமநாதன் நெஞ்சில் கை வைத்து, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்றார். அது வெறும் வாக்கு இல்லை. அவருடைய குழுவின் விதி. சட்டையின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: கூட்டைத் தொடாதே, இடத்தைச் சொல்லாதே, தடயம் விடாதே. நீள்குழலார்கள் விதியை மிகவும் மதிப்பவர்கள். ஒவ்வொருவரும் நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் மட்டும்தான் சொல்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து கார்கள் வந்தன.

வடிகால் ஓரத்தில் முக்காலிகள் வரிசையாக முளைத்தன. மந்தினில் பல் மருத்துவராக இருக்கும் ஸ்டீவன் மடக்கு நாற்காலியும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். எல்லாரும் கிசுகிசுத்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து கிசுகிசுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது அன்றைக்குத்தான் மாரியம்மாவுக்குத் தெரிந்தது. அரணையை அலகில் கவ்விக்கொண்டு வந்த குருவி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பொந்துக்குப் போகாமல் எதிர்க்கரையிலேயே உட்கார்ந்திருந்தது.

பிரேமநாதன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இந்தச் செடி மறைக்குது அக்கா."

"மறைக்கத்தான சார் இருக்கு."

"வெட்ட மாட்டோம்லா. வெட்டுறது எங்க குரூப்ல பெரிய தப்பு. சும்மா ஒதுக்கிக் கட்டி வைக்கிறது, போறப்ப அவுத்துவிட்டுடலாம். கட்ட ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாரியம்மாவுக்கு வராது. மருந்தடிக்கப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. தலைமுடியில் போட்டிருந்த ஊதாத் துணி ரப்பரைக் கழற்றிக் கொடுத்தார். விஜிதா லுக்குட்டில் வாங்கித் தந்தது. முடியைக் கொண்டையாகச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு, "போறப்ப மறக்காம அவுத்துருங்க சார். இந்தப் பக்கம் உடும்பு சுத்துது" என்றார்.

"நான் இருக்கேன்லக்கா."

செடி ஓரமாகக் கட்டப்பட்டது. பொந்து வாசல் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வாசலுக்கு முன் குருவி உட்கார லட்சணமாக ஒன்றும் இல்லையே. பிரேமநாதன் பின்பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல கிளையாக, பாசி படர்ந்து லேசாக வளைந்ததை எடுத்துவந்து, வடிகாலின் அடியில் ஊன்றிப் பொந்துக்கு நேரே சாய்த்துவைத்தார். எல்லாரும் மெச்சினார்கள். மருந்துத் தொட்டியை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்த மாரியம்மாவுக்குக் கடைசியாகக் கண்ணில் பட்டது அந்தக் கைதான். அவர் நிழல் படச் சட்டத்துக்குள் விழுந்ததாம். கை இரண்டு முறை காற்றைத் தள்ளியது.

மாரியம்மா ஒதுங்கி, பதினேழாம் நம்பர் காட்டுக்கு ஏறினார்.

பிறகு நடந்ததை நல்லசாமி சொன்னார். பதினொன்றரை மணிக்கு ஸ்டீவனின் கைப்பேசி அடித்திருக்கிறது. சி ரூசா கடற்கரையில், இந்தப் பக்கம் வரவே கூடாத ஏதோ ஒரு பறவை வழிதவறி வந்து உட்கார்ந்திருக்கிறதாம். மூன்றே நிமிடத்தில் முக்காலிகள் மடங்கின, நாற்காலி மடங்கியது, ஐந்து கார்களும் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. நல்லசாமி மோட்டாரோடு சேர்ந்து வடிகாலில் விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம். "அவ்ளோ அவசரம். யாருக்கோ நெஞ்சுவலின்னு நெனச்சேன்" என்றார்.

மாரியம்மா திரும்பி வந்தபோது மணி இரண்டு. செடி கட்டியபடியே இருந்தது. ஊதா ரப்பர் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. கிளையும் சாய்த்தபடியே இருந்தது, ஆனால் அடியிலிருந்து நுனிவரை பாசி உரிந்து, நகம் பதிந்த கோடுகள் ஏறியிருந்தன. ஏணி வைத்துக் கொடுத்தால் உடும்பு ஏறாதா? பொந்தின் வாசல் இரண்டு கை அகலத்துக்குத் தோண்டப்பட்டு, மண் கீழே சரிந்து கிடந்தது.

தாய்க்குருவி அந்தக் கிளையில்தான் உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு குட்டி அரணை. பொந்துக்குள் போகும், அரணையோடு வெளியே வரும், கிளையில் உட்காரும், மறுபடி போகும். வெளிச்சம் அப்போது மிகச் சரியாக இருந்தது. படமெடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

மாரியம்மா செடியை அவிழ்க்கவில்லை. இனி எதை மறைக்க?

திங்கட்கிழமை பெரட்டில் நல்லசாமி கேட்டார்.

"குஞ்செல்லாம் பறந்துருச்சா?"

"இல்ல."

நல்லசாமி கையிலிருந்த தாளைப் பார்த்தார், மடித்தார், திரும்பவும் விரித்தார். "அப்ப மிசின வரச் சொல்லவா?" என்றார். சொல்லுங்க என்றார் மாரியம்மா. இயந்திரம் வந்தது, கரை, செடி, ரப்பர், பாசிக் கிளை எல்லாவற்றையும் ஒரே அள்ளில் எடுத்துக்கொண்டு போனது. பதினேழாம் நம்பர் காட்டுக்கு மாத முடிவு வரை அவர் பெயர் எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது. ஆகவே இல்லாத குருவிக்காக இன்னும் பதினாறு நாள் அந்தச் சரிவில் ஏறினார்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமா? செரம்பானில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் கண்காட்சி வைத்தார்கள். விஜிதா போய்ப் பார்த்து அம்மாவுக்கு அனுப்பினாள். பாசிக் கிளையில் குருவி, அலகில் அரணை, பின்னால் பொந்து வாசலில் எட்டிப் பார்க்கும் ஒரு குட்டி அலகு. கீழே லத்தீன் பெயர், லென்ஸின் நீளம், வெளிச்ச அளவு, மூன்றரை மணிநேரக் காத்திருப்பு, அதற்கும் கீழே 'எவ்விதத் தலையீடுமின்றி, இயற்கையான சூழலில்' என்ற குறிப்பு. குஞ்சுகள் நலமாகப் பறந்து சென்றிருக்கும் என்று நம்புவதாகவும் எழுதியிருந்தார். நம்பிக்கைதானே எல்லாம். மாரியம்மா கைப்பேசியில் படத்தின் இடது ஓரத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துத் தேடினார். செடி இருந்தது. ரப்பர் இருந்த இடத்தில் பச்சையாக ஏதோ பூசியிருந்தது. தன் கழுத்தைத் தானே கட்டிக்கொண்டு அழகாக ஒதுங்கி நிற்கும் உலகத்தின் முதல் பெரணிச் செடி.

அடுத்த பருவத்தில் ரத்தச் சிவப்புக் கார் மறுபடி வந்தது. கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. கார் இரண்டு தடவை கூவியது. மாரியம்மா தள்ளுவண்டியில் உதிரிப் பழச் சாக்கோடு நின்றிருந்தார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? இந்த வருஷம் கூடு எங்க?"

"இந்தப் பக்கம் குருவியே வர்றதில்ல சார்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வடிகாலுக்கு அப்பால் விசில் மாதிரி ஒரு மெல்லிய ஒலி கேட்டது. பிரேமநாதன் கேமராவில் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"சார், அன்னிக்கு ஒரு ரப்பர் குடுத்தேன். தலையில போடுறது. ஊதாக் கலரு."

"ரப்பரா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஞாபகம் வந்து சிரித்தார். "ஐயோ அக்கா, அது செடியிலயேதான இருக்கும். நாங்க அவுக்கவே இல்லையே. அன்னிக்கு அவசரத்துல என் நல்ல கிளையையே விட்டுட்டுப் போய்ட்டேன், தெரியுமா? அந்த மாதிரி ஒன்னு அதுக்கப்புறம் கெடைக்கவே இல்ல."

மாரியம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொன்னது அவர் காதிலேயே விழுகிறதா என்று பார்த்தார். விழுந்த மாதிரி தெரியவில்லை. மேலே, மட்டையில், ஏதோ அசைந்தது. லென்ஸ் உயர்ந்தது. இடது கை பின்னால் வந்தது.

"புதுசா ஒன்னு வாங்கித் தந்துர்றேன்க்கா. அடுத்த வாரம்" என்றார், கண்ணை எடுக்காமல்.

இதைப் படித்துவிட்டு, நம்மிடம் லென்ஸே இல்லை, நாம் தப்பித்தோம் என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? இந்த இனத்துக்கு லென்ஸ் ஓர் இறகு மாதிரிதான், சிலருக்கு முளைக்கும், சிலருக்கு முளைக்காது. உங்கள் பட்டமளிப்பு நாள் படத்தை எடுத்துப் பாருங்கள். அங்கியும் தொப்பியுமாக மண்டபத்தின் நல்ல தூண் ஒன்றின் முன் நிற்கிறீர்கள், பின்னணியில் குறுக்கே ஒருவரும் இல்லை. அவ்வளவு கூட்டத்தில் அது எப்படிக் காலியாக இருந்தது? உங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த கால் வலிக்க, சட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றது யார்? ஒதுங்கச் சொன்ன கை எது? இடதா, வலதா?

அந்த அடுத்த வாரம் வந்து போய் ஐந்து மாதம் ஆகிறது. மாரியம்மா இப்போது சாக்குக் கட்டும் சணலால்தான் தலைமுடியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். வேறு ரப்பர் வாங்க முடியாமல் இல்லை. அவர் வாங்கவில்லை.